எந்த ஈஸ்ட் என்று எழுத வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் பூஞ்சைத் தொற்று பற்றி வந்த கட்டுரையை எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் படித்தோம். சர்க்கரை நோயாளிகளுக்கு அதில் சொல்லியிருந்த அறிவுரை அருமை. ஆனால் "ஈஸ்ட் தொற்றுக்கு ஃப்ளுகோனசோல் மாத்திரை போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். போதாக்குறைக்குப் படம் வேறு, பேக்கரியில் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்! காரைக்குடியில் ஒரு ஆய்வகத்தின் கல்ச்சர் பிரிவில், அதாவது மாதிரியில் உள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் இடத்தில், வேலை பார்க்கிறவள் நான். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஈஸ்ட் என்பது ஒற்றைச் செல்லாக வளரும் பூஞ்சை. மனிதருக்கு நோய் தரும் ஈஸ்ட் ஒன்றே ஒன்று இல்லை. கேண்டிடா என்ற குடும்பப் பெயருக்குள்ளேயே அல்பிகன்ஸ், டிராபிகாலிஸ், கிளாப்ரேட்டா, குரூசி, பாராசிலோசிஸ், ஆரிஸ் என்று பல உண்டு. அல்பிகன்ஸ் பெரும்பாலும் ஃப்ளுகோனசோலுக்குக் கட்டுப்படும். குரூசி பிறவியிலேயே கட்டுப்படாது. கிளாப்ரேட்டாவுக்கு வழக்கமான அளவு பல நேரம் பத்தாது. ரிப்போர்ட்டில் "ஈஸ்ட் செல்கள் காணப்பட்டன" என்று மட்டும் எழுதி அனுப்பினால் டாக்டர் என்ன செய்வார்? கைக்குப் பழகிய மாத்திரையைத்தான் எழுதுவார்.

பள்ளத்தூர்ப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். சர்க்கரை உண்டு. அரிப்பு, வெள்ளைப்படுதல். 150 மில்லிகிராம் மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கி வாங்கி விழுங்கியும் போன பாடில்லை. கையில் வேறொரு இடத்து ரிப்போர்ட். அதில் ஈஸ்ட் என்ற சொல்லும் இரண்டு பிளஸ் குறியும் தவிர ஒன்றுமில்லை. "ஏம்மா, மறுபடியும் குச்சி வச்சு எடுக்கணுமா?" என்று கூச்சத்தோடு கேட்டார். எடுத்தோம். தட்டில் காலனி (கிருமி பெருகித் திரளும் சின்னப் புள்ளி) வளர்ந்ததும் முதலில் போட்டது ஜெர்ம் டியூப் டெஸ்ட், அதாவது ஈஸ்ட் செல் முளை விடுகிறதா என்று பார்க்கும் சோதனை.

இந்த டெஸ்டுக்குப் பெரிய செலவில்லை. ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் அரை மில்லி சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்). எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் இல்லை என்று பார்த்துவிட்ட சீரமாக இருக்க வேண்டும். காலனியை லேசாகத் தொட்டு அதில் கலக்க வேண்டும். லேசாக என்றால் லேசாகத்தான், அள்ளிப் போட்டால் முளை சரியாக வராது. 37 டிகிரியில் இரண்டு, மூன்று மணி நேரம் வைத்து, ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டுக் கவர் ஸ்லிப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். அல்பிகன்ஸ் என்றால் உருண்டைச் செல்லிலிருந்து, முளைகட்டிய பச்சைப்பயறு போல, ஒரு குழல் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க வேண்டிய இடம் குழல் கிளம்பும் கழுத்து. அந்த இடத்தில் சுருக்கமே இருக்கக் கூடாது. சுருங்கியிருந்தால் டிராபிகாலிஸாக இருக்கலாம். குழாயை மறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டால், மூன்று மணி நேரத்துக்கு அப்புறம் டிராபிகாலிஸும் நீள ஆரம்பித்து ஆளைக் குழப்பிவிடும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் தெரிந்த அல்பிகன்ஸ் ஒன்றையும் தெரிந்த டிராபிகாலிஸ் ஒன்றையும் கூடவே போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். டப்ளினியென்சிஸ் என்று இன்னொன்றும் இதே முளையைக் காட்டும் என்பதால், பாசிட்டிவ் வந்தாலும் நூற்றுக்கு நூறு அல்பிகன்ஸ் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அந்த அக்காவின் காலனியில் மூன்று மணி நேரம் ஆகியும் முளையே இல்லை. குட்டிக் குட்டிச் செல்கள்தான். ஈஸ்டுக்கு ஈஸ்ட் நிறம் மாற்றிக் காட்டும் குரோம் அகர் பிளேட்டில் அல்பிகன்ஸ் பச்சையாகவும், டிராபிகாலிஸ் நீலமாகவும், குரூசி சொரசொரப்பான இளஞ்சிவப்பாகவும் வளரும். இது கத்தரிப்பூ நிறத்தில் வந்திருந்தது. கார்ன்மீல் அகர் என்ற சோளமாவுத் தட்டிலும் இழை எதுவும் ஓடவில்லை. கிளாப்ரேட்டாவாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் ஆரிஸும் அந்த பிளேட்டில் இதே சாயலில் வரக்கூடும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் எழுதவில்லை. கிருமியின் புரதங்களை அளந்து பெயர் சொல்லும் மால்டி டாஃப் கருவி உள்ள மதுரை ஆய்வகத்துக்குக் காலனியை அனுப்பினோம். கிளாப்ரேட்டா என்றே வந்தது, எந்த மருந்து கேட்கும் என்ற விவரத்தோடு. டாக்டர் மருந்தை மாற்றினார், அரிப்பும் நின்றது.

ஆரிஸ் பற்றி இரண்டு வார்த்தை. 2009-ல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஈஸ்ட் இது. ஈஸ்ட் எந்தச் சர்க்கரையைத் தின்கிறது என்று பார்த்துப் பெயர் சொல்லும் பழைய சோதனை முறைகள், இதை ஹெமுலோனியை என்ற இன்னொரு கேண்டிடாவாகவும் வேறு பெயர்களிலும் தவறாகக் காட்டியிருக்கின்றன. பல மருந்துகளுக்கு மசியாது. கட்டில் கம்பியிலும் கைகளிலும் ஒட்டிக்கொண்டு ஆளுக்கு ஆள் பரவும். பெரிய ஊர் ஐ.சி.யூ.வில் நாள்கணக்கில் இருந்துவிட்டு ஊர் திரும்பி இங்கே நர்சிங் ஹோமில் சேருகிறவர்கள், அங்கே கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை முதலிலேயே காட்டிவிடுவது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் மிக அவசரம் என்ற வகுப்பில் நான்கே நான்கு பெயர்கள். அவற்றில் மூன்று ஈஸ்ட்: ஆரிஸ், அல்பிகன்ஸ், கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ்.

கடைசியில் சொன்ன கிரிப்டோகாக்கஸ் நம் பக்கத்துக்குக் கொஞ்சம் நெருக்கமான சங்கதி. புறா எச்சத்தில் இருக்கக்கூடியது அது. வருடம் முழுக்கப் பூட்டிக்கிடக்கும் செட்டிநாட்டுப் பெரிய வளவு வீடுகளில் முகப்பிலும் மேல்மாடியிலும் புறா குடியிருப்பதை நாம் பார்க்காததா! முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வீட்டைத் திறக்கும்போது காய்ந்த எச்சத்தை வறட்டுத் துடைப்பத்தால் கூட்டிப் புழுதி கிளப்ப வேண்டாம். தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் கட்டிக்கொண்டு அள்ளச் சொல்லுங்கள். நல்ல ஆரோக்கியமானவர்கள் பயந்து சாக வேண்டியதில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குத்தான் இது மூளைக்காய்ச்சலாகிறது.

இதைக் கண்டுபிடிக்க முதுகுத் தண்டு நீரில் ஒரு சொட்டு இந்தியா இங்க் என்ற கறுப்பு மையைக் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். கறுப்புப் பின்னணியில் உருண்டைச் செல்லைச் சுற்றி வெளிச்ச வளையம் தெரியும். வெள்ளையணுவும் காற்றுக் குமிழும் இதே மாதிரி கண்ணை ஏமாற்றும் என்பதால், மொட்டு விட்ட செல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும். இதில் தப்பிவிடுவதும் உண்டு. கிருமியின் மேலுறைப் பொருளைத் தேடும் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜன் டெஸ்ட் இதைவிட நம்பகம். கேண்டிடாவுக்கு ஐ.சி.யூ.வில் போடும் காஸ்போஃபங்கின் ஊசி கிரிப்டோகாக்கஸிடம் எடுபடாது. இங்கேயும் எந்த ஈஸ்ட் என்ற கேள்விதான் முன்னால் நிற்கிறது.

எல்லா ஈஸ்டுக்கும் வைத்தியம் வேண்டும் என்று சொல்லவில்லை. மூத்திரக் குழாய் போட்டிருப்பவரின் சிறுநீரில் ஈஸ்ட் வந்தால், தொந்தரவு எதுவும் இல்லாத பட்சத்தில் குழாயை எடுப்பதோ மாற்றுவதோ போதும் என்று டாக்டர்கள் விட்டுவிடுவதுண்டு. ரத்தத்தில் வளர்ந்தால் கதையே வேறு. ரத்தக் கல்ச்சரின் ஒரே ஒரு பாட்டிலில் வந்தாலும் வெளியிலிருந்து கலந்திருக்கும் என்று ஒதுக்கக் கூடாது.

சின்ன ஊர் ஆய்வகங்களில் வசதி இல்லை என்பார்கள். மால்டி டாஃப் இல்லைதான். கிருமியைத் தானாக அடையாளம் காணும் வைடெக் கருவி கூட எல்லோரிடமும் இல்லை. ஆனால் கல்ச்சர் போடுகிற இடத்தில் மைக்ராஸ்கோப்பும் இன்குபேட்டரும் இல்லாமலா இருக்கும்? ரிப்போர்ட்டில் "ஜெர்ம் டியூப் நெகட்டிவ்" என்ற ஒரு வரி சேர்ந்திருந்தாலே, அதே மாத்திரையைத் திரும்ப எழுதுமுன் டாக்டர் ஒரு கணம் யோசிப்பார். டாக்டர்களும் ஆய்வகச் சீட்டில், மாத்திரை சாப்பிட்டும் கேட்கவில்லை என்று குறித்து அனுப்பினால் எங்களுக்கு வேலை சுலபம்.

மாத்திரை போதும் என்ற வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கையில் கல்ச்சர் ரிப்போர்ட் வைத்திருக்கும் வாசகர்கள், அதில் வெறும் ஈஸ்ட் என்று இருந்தால், ஜெர்ம் டியூப் போட்டீர்களா என்று கவுன்டரிலேயே கேளுங்கள். பிளேட்டை உடனே கழித்துவிட மாட்டார்கள். சீக்கிரம் கேட்டால் அதே காலனியிலிருந்து செய்து கொடுக்க முடியும், திரும்ப மாதிரி கொடுக்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஆய்வக நுட்புநர் ஒருவர்,
காரைக்குடி.
(நோயாளி ஒருவரைப் பற்றி எழுதியிருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.)