நாலு வாரத்தை ஒரே ராத்திரியில்

அன்புள்ள மாறா,

கடிதம் கிடைத்தது. அக்காவின் முட்டி அறுவை நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. பிசியோவை மட்டும் தட்டிக்கழிக்க விடாதே.

உன் மருமகனும் அவன் கூட்டாளிகளும் வாரம் ஒரு அரைமணி நேர மல்யுத்த நிகழ்ச்சி எடுக்கப் போகிறார்களாம், "நல்லா சண்டை போடுறானுங்க, கேமரா இருக்கு, வேற என்ன வேணும்?" என்று கேட்டிருந்தாய். நேரமும் கூட்டத்தின் தொண்டையும் வேணும். முதலில் தீர்ந்துபோவது அந்த ரெண்டும்தான்.

சிங்கப்பூருக்கு ரெஸ்லிங் புதிதல்ல. கிங் காங், தாரா சிங் என்ற மல்யுத்த வீரர்கள் காலத்துக் கூட்டத்தைப் பற்றி நம் பெரியவர்கள் அலுக்காமல் பேசுவார்கள். 2012-இலிருந்து சிங்கப்பூர் புரோ ரெஸ்லிங் என்ற நிறுவனம் இங்கே மேடை போட்டு வருகிறது. ஆனால் மேடை நிகழ்ச்சி வேறு, வாராந்தரத் தொலைக்காட்சி வேறு. மேடையில் வந்தவனை அன்றைக்கு மகிழ்வித்து அனுப்பினால் போதும். டிவியில் அவனை அடுத்த வாரமும் வரவைக்க வேண்டும். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் சேனல் 5 சனிக்கிழமை காலையில் 90 நிமிட நிகழ்ச்சியை நேரலையாகவே போட்டது. அதன் வேலை திங்கட்கிழமை அரங்கத்தில் நடக்கும் சண்டைக்கு டிக்கெட் விற்பது. பெரிய சண்டையை டிவியில் இலவசமாகக் காட்டிவிட்டால் டிக்கெட் யார் வாங்குவார்?

இவர்களால் வாராவாரம் மண்டபம் எடுக்க முடியாது. ஒரே மாலையில் நாலு வாரத்துக்கு எடுத்துவிடுவதுதான் வழி, சின்ன நிறுவனங்கள் பலவும் அப்படித்தான் செய்கின்றன. விளம்பரத்துக்கு இடம்விட்டால் அரைமணியில் கையில் நிற்பது 22 நிமிடம். தொடக்கம் 1, முதல் சண்டை 5, பேட்டி 2, சின்னச் சண்டை 3, கடைசிச் சண்டை 9, முடிவில் அடுத்த வாரத்துக்கான தூண்டில் 2. எல்லாரும் சறுக்குவது நுழைவில். ஒருவன் பாட்டோடு நடந்து வந்து, கயிற்றில் ஏறி, கையைத் தூக்க ஒன்றரை நிமிடம். ரெண்டு பேருக்கு மூன்று. 9 நிமிடச் சண்டையில் மீதி 6-தான். பயிற்சியில் 9 நிமிடம் கோர்த்து வைத்தவர்கள் அந்த 6-இல் மூச்சு முட்டுவார்கள். நடுவர் காதில் இயர்பீஸ் கட்டாயம். கடிகாரம் பார்ப்பவர் அவருக்குச் சொல்ல, அவர் பிடியைச் சோதிக்கும் சாக்கில் குனிந்து "ரெண்டு நிமிஷம்", "கோ ஹோம்" (சண்டையை முடி) என்று சொல்லிவிடலாம். நடுவர் தலைக்கு மேல் கைகளைக் குறுக்கே வைத்து எக்ஸ் காட்டினால் அது நடிப்பல்ல, நிஜ காயம். அந்தக் குறியைக் கேமராக்காரர், எடிட்டர் எல்லாருக்கும் முன்பே சொல்லி வை. அந்தக் காட்சி ஒளிபரப்பில் வரக் கூடாது.

நாலு வாரம் என்றால் 88 நிமிடம். மாற்றல், துடைத்தல், திருத்தல் எல்லாம் சேர்ந்து மூன்றரை மணி நேரம் ஆகிவிடும். முதல் வாரம் எடுக்கும்போது கூட்டம் கூரையைப் பிய்க்கும். மூன்றாவது வாரத்தில் கொட்டாவி விடும். படத்தில் அது அப்படியே தெரியும், கைத்தட்டலை எடிட்டில் ஒட்டினாலும் வாய் மூடிய முகங்கள் காட்டிக்கொடுக்கும். அதனால் பேட்டிகளையெல்லாம் கூட்டம் வருமுன் மதியமே எடுத்துவிடச் சொல். ரெண்டு வாரம் முடிந்ததும் 20 நிமிட இடைவேளை. மூன்றாவதைக் கூட்டத்துக்குப் பிடித்த ஆளோடு தொடங்கு. வரிசையை மட்டும் மாற்றாதே. சாம்பியன் பெல்ட் ரெண்டாம் வாரத்தில் கைமாறினால், அதற்குப் பின் எடுத்த எந்தத் துண்டும் முதல் வாரத்துக்குப் போகக் கூடாது. நெற்றியில் ஒட்டிய பிளாஸ்டரும் அப்படித்தான், ஒரு வாரம் இருந்து, மறுவாரம் மறைந்து, அதற்கடுத்த வாரம் திரும்பி வந்தால் பார்ப்பவன் சிரிப்பான்.

இடத்துக்கு வருகிறேன். தொழிற்பேட்டைக் கட்டடத்தில் யூனிட் பார்க்கிறார்கள் என்றாயே, வாடகை பேசுமுன் கூரையை அளக்கச் சொல். ரிங்கின் தளம் தரையிலிருந்து 3 அடி, மேல் கயிறு அதற்கு மேல் 4 அடி. அதில் 6 அடி ஆள் நின்றால் தலை 13 அடியில். அவன் குதிக்க வேறு செய்வான். 15 அடிக்குக் கீழே என்றால் மேல் கயிற்று வித்தையை மறந்துவிடலாம். தண்ணீர் ஸ்பிரிங்க்ளர் தலைகள் எங்கே இருக்கின்றன என்றும் பார். விளக்குக் கம்பியோ ஒரு கையோ பட்டு ஒன்று உடைந்தால் ரிங், கேமரா, கீழ்மாடிக்காரன் சரக்கு எல்லாம் நனையும், பில் உங்களுக்கு. அமெரிக்காவின் பெரிய நிறுவனமான டபிள்யூடபிள்யூஈயின் ரிங் 20 அடி. இவர்களுக்கு 16 போதும், கூட்டம் சிறிதாக இருக்கும்போது சின்ன ரிங்தான் படத்தில் நிறைவாகத் தெரியும். இரும்புச் சட்டம் சரக்கு லிஃப்டில் நுழையுமா என்று டேப் வைத்து அளக்கட்டும், கண்ணால் அளக்க வேண்டாம்.

நம் ஊர் ஈரம் தனிப் பிரச்சினை. கான்வாஸை வியர்வையோடு சுருட்டி, ஏர்கான் அணைத்த அறையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். அடியிலுள்ள பிளைவுட் ஈரம் குடித்தால் ஓரம் உப்பி அடுக்கு பிரியும், அங்கே கால் வைத்தவனுக்குக் கணுக்கால் போகும். ஒவ்வொரு முறையும் ஃபோமைத் தூக்கி, பலகை பலகையாக மிதித்துப் பார்க்க ஒரு ஆளை வை.

கேமரா மூன்று போதும். உயர்ந்த மேடையில் அசையாமல் நிற்கும் ஒரு ஹார்ட் கேமரா, ரிங் ஓரத்தில் கையில் பிடித்த ரெண்டு. ஆட்கள் 60 பேர்தான் என்றால் 60 பேரையும் ஹார்ட் கேமராவுக்கு எதிர்ப்பக்கம் உட்காரவை. அதன் முதுகுப் பக்கம் காலி நாற்காலி இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? குத்து படாமல் போவது பக்கவாட்டுக் கோணத்தில்தான் அம்பலமாகும், அடிப்பவன் முதுகுப் பக்கமிருந்து எடுத்தால் தப்பிக்கலாம். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. அமெரிக்க வீடியோவைப் பார்த்து 1/60 வைத்தால் மண்டப விளக்கில் படம் அலை அலையாகத் துடிக்கும், எடிட்டில் அதைச் சரிசெய்வது நரகம். புகைப்படக் கேமராக்களில் சில 30 நிமிடத்தில் தானாக நின்றுவிடும். கடைசிச் சண்டைக்கு முன் மூன்றையும் நிறுத்தித் திரும்ப ஓடவிடுவதை ரன் ஷீட்டிலேயே (நிகழ்ச்சி வரிசைத் தாளிலேயே) எழுதிவிடு. விழும் ஓசைக்கு ரிங்குக்கு அடியில் ஒரு மைக், கூட்டத்தைப் பார்த்து ரெண்டு. வர்ணனையைப் பிறகு பதிவு செய்யலாம். ஈசிடபிள்யூ என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தில் ஜோயி ஸ்டைல்ஸ் பல வருடம் தனியாளாகவே பேசினார், ரெண்டு பேர் கட்டாயமில்லை.

100 எம்பிபிஎஸ் பதிவு வேகத்தில் ஒரு கேமரா மணிக்கு 45 ஜிபி தின்னும். மூன்று கேமரா, மூன்றரை மணி என்றால் ஏறக்குறைய 470 ஜிபி. ரெண்டு பிரதி எடுக்காமல் யாரும் மண்டபத்தை விட்டு நகரக் கூடாது.

நுழைவுக்கு சினிமாப் பாட்டு போடலாம் என்று பையன்கள் நினைப்பார்கள். மண்டபத்தில் ஒலிக்க, இங்குள்ள இசை உரிமை அமைப்பான காம்பாஸின் உரிமம் உதவும். அதையே படத்தோடு சேர்த்து ஒளிபரப்புவதற்கு உரிமையாளரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும், யூடியூபில் போட்டால் உடனே மாட்டிக்கொள்வார்கள். தெரிந்த தவில்காரர் ஒருவரையும் கீபோர்டு பையன் ஒருவனையும் பிடித்து ஆளுக்கு 40 விநாடி மெட்டு போடச் சொல், உரிமையை எழுத்தில் வாங்கிக்கொள். எனக்கென்னவோ அதுதான் கேட்கவும் நன்றாக இருக்கும்.

ஞாயிறு தேக்கா பக்கம் வந்தால் அவனையும் கூட்டிவா. முதல் வார ரன் ஷீட்டை நிமிடக் கணக்கோடு எழுதி எடுத்து வரட்டும், சாப்பிட்டுக்கொண்டே வெட்டலாம்.

அன்புடன்,
சேகர்