நூல் கிலோவில் போகிறது, பனியன் எண்ணிக்கையில் வருகிறது: திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கும் சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

ஏற்றுமதி கம்பெனிகளின் சரக்குக் கணக்கைப் பார்ப்பது என் தொழில். உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இதை எழுதுகிறேன். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து தரும் வெளி யூனிட்டுகளுக்கு, போய்வரும் சரக்கை எப்படி அளப்பது என்று ஊர் முழுவதற்கும் பொதுவான ஒரு முறையை நீங்கள் சேர்ந்து வகுக்க வேண்டும்.

நம் ஊரில் பல கம்பெனிகளுக்குச் சொந்த குடோனில் இருப்பதைவிட வெளியே இருக்கும் சரக்குதான் அதிகம். நூல் நிட்டிங்குக்குப் போகிறது. துணியாகி டையிங்குக்கும், துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங்குக்கும் போய்விட்டுத்தான் கட்டிங் மேசைக்கு வருகிறது. அதுவரை எல்லாம் கிலோ, அதற்கப்புறம் உருப்படி. இந்த மாற்றத்தில்தான் கணக்கு கைநழுவுகிறது.

160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) கேட்ட துணி 168-ல் வந்துவிட்டது என்று வையுங்கள். 1,000 கிலோவில் 6,250 சதுர மீட்டர் கிடைக்க வேண்டியது, சுமார் 5,950 ஆகிவிடும். டி-சர்ட் ஒன்றுக்கு ஒரு சதுர மீட்டர் என்று தோராயமாகப் பிடித்தால், 300 உருப்படி குறைகிறது. ஆனால் தராசில் ஒரு கிலோகூடக் குறைந்திருக்காது. ஸ்டோர்ஸ் கணக்கு சரி, டையிங் கணக்கும் சரி, கட்டிங்கில் மட்டும் துணி பத்தவில்லை. கேள்வி யார்மேல் விழுகிறது? கட்டிங் மாஸ்டர்மேல்.

ஈரப்பதம் இன்னும் மோசம். பருத்தி நூலுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட ஈர அளவு 8.5 சதவீதம். அதாவது முற்றிலும் காய்ந்த 100 கிலோ பருத்தியை 108.5 கிலோ என்று கணக்கிடுவது வழக்கம். அந்தக் கணக்கில் பில் போட்ட 10,000 கிலோ நூல், வறண்ட காலத்தில் ஈரம் 6 சதவீதமாகக் குறைந்துவிட்டால் சுமார் 9,770 கிலோதான் நிற்கும். யாரும் ஒரு கோன்கூட எடுக்கவில்லை, ஆனாலும் 230 கிலோ குறைகிறது. இதற்காக நிட்டிங்காரருக்கு டெபிட் நோட் போட்டு, நஷ்டத்தை அவர் கணக்கில் ஏற்றுகிறோம். பத்து மெஷின் வைத்து ஓட்டுகிற சின்ன மனிதர், பதில் சொல்ல ஆதாரம் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறார். இது அநியாயம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

வாங்குபவர்கள் பக்கம் பாருங்கள். டெகாத்லான், இன்டிடெக்ஸ் போன்றவர்கள் ரேடியோ அலையில் படிக்கக்கூடிய ஆர்எஃப்ஐடி வில்லை வைத்து, எந்தக் கடையில் எந்தச் சைஸ் எத்தனை இருக்கிறது என்று உருப்படி உருப்படியாகப் பார்க்கிறார்கள். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு, ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் பல நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பயணம் ஏறக்குறைய இரண்டு வாரம் நீண்டது. கடலில் கூடும் நாட்களை வாங்குபவர் எங்கே குறைக்கப் பார்ப்பார்? நம் உற்பத்தி நாட்களில்தான்.

அந்த நாட்களுக்கும் சரக்குக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தினம் 5,000 உருப்படி அனுப்பும் கம்பெனியில், நூல் உள்ளே வந்து பெட்டி வெளியேற 60 நாள் ஆனால், எந்நேரமும் 3 லட்சம் உருப்படிக்கான சரக்கு எங்கோ ஒரு கட்டத்தில் நிற்கிறது. 50 நாளாக்கினால் 50,000 உருப்படிக்கான பணம் கைக்கு வரும். ஆனால் எந்தக் கட்டத்தில் எவ்வளவு நிற்கிறது என்று தெரியாமல் எந்த நாளைக் குறைப்பது? துணி பத்தாதோ என்ற பயத்தில் கூடுதலாக நூல் வாங்குகிறோம், கூடுதலாக வெட்டுகிறோம். மிஞ்சியது நம் ஊரின் மிச்சச் சரக்குச் சந்தையான காதர்பேட்டைக்குப் போய், அடக்க விலைக்கும் கீழே விலைபோகிறது.

சட்டமும் இதைக் கேட்கிறது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வராவிட்டால், ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவுப்படி அது அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்படும். வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் ஒரு எண், ஆடிட்டரிடம் ஒரு எண், தரையில் இன்னொன்று என்று எத்தனை நாளைக்கு ஓட்டுவது?

நான் கேட்பது பெரிய சாஃப்ட்வேர் இல்லை. சரக்கோடு போகும் ஒவ்வொரு சலானிலும் எடையோடு ரோல் எண்ணிக்கை, ஜிஎஸ்எம், ஈரப்பதம், இரு தரப்பும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட சேத சதவீதம் ஆகியவை இருக்கட்டும். நூலின் எடையை 8.5 சதவீதத்துக்குத் திருத்திய பிறகே டெபிட் நோட் பேச்சு எழட்டும். தகராறு வந்தால் சங்கம் காட்டும் பரிசோதனைக் கூடத்தின் முடிவை இருவரும் ஏற்கட்டும். இதை வகுக்க உட்காரும்போது நிட்டிங், டையிங் சங்கத்தாரையும் அதே மேசையில் உட்கார வையுங்கள். நூல் முதல் காம்பாக்டிங் வரை தொடங்கினாலே இப்போதைக்குப் போதும். எம்பிராய்டரி, பீஸ் பிரிண்டிங் எல்லாம் எண்ணிக்கையில் நடப்பதால் அங்கே சிக்கல் குறைவு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
சரக்குக் கணக்கர் ஒருவர்