மிதாலிக்குக் கிடைக்காத டெஸ்ட் போட்டிகள்

ஐயா,

மிதாலி ராஜின் சர்வதேச கிரிக்கெட் வாழ்க்கை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, ஒருநாள் போட்டிகளில் அவர் குவித்த 7,805 ரன்களை விரிவாகப் பேசிவிட்டு, டெஸ்ட் ஆட்டங்களை ஒரே வரியில் கடந்துவிட்டது. 2002-இல் டான்டனில் இங்கிலாந்துக்கு எதிராக 214 ரன்கள் எடுத்த அவருக்கு, 1999 முதல் 2022 வரை நீண்ட பயணத்தில் கிடைத்தவை 12 டெஸ்ட் போட்டிகளே. 2006-க்கும் 2014-க்கும் இடையே இந்திய மகளிர் அணி ஒரு டெஸ்டில்கூட ஆடவில்லை என்பது அவருடைய தலைமுறைக்கே இழைக்கப்பட்ட அநீதி.

மகளிர் டெஸ்டைப் பார்க்க ஆள் வராது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2024 ஜூனில் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்டில் இந்திய வீராங்கனை ஷஃபாலி வர்மா இரட்டைச் சதம் அடித்த நாளில், என்னருகே அமர்ந்திருந்த சிறுமிகள் கடைசிப் பந்து வரை இருக்கையை விட்டு நகரவில்லை. ஆகவே, இருதரப்புத் தொடர் ஒவ்வொன்றிலும் மகளிருக்கு ஒரு டெஸ்டையேனும் சேர்க்கக் கிரிக்கெட் வாரியம் முன்வர வேண்டும்.