லீவு நாளில்தான் எங்களுக்கு வேலை

ஐயா,

சனி, ஞாயிறோடு பண்டிகை விடுமுறையும் சேர்ந்து வந்தால் எல்லோரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவார்கள், எங்கள் வீட்டில் அந்த நாட்களில்தான் வேலை அதிகம். என் கணவர் சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் கேடி, அதாவது ஆடுபவரின் பையைச் சுமந்துகொண்டு 18 குழிகளும் கூடவே நடப்பவர். பையில் 14 மட்டைகள் வரை இருக்கும், ஒரு சுற்று முடியவே நாலு மணி நேரம் ஆகிவிடும். ஆட்டம் இருந்தால் கூலி, மழை வந்தால் அதுவும் இல்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒழுகுகிற மொட்டை மாடிக்குப் பூச்சு வேலை பார்க்க வேண்டும், அதற்கு அவர் வீட்டில் இருக்க வேண்டும், அவர் வீட்டில் இருந்தால் சிமெண்ட் வாங்கக் காசு இருக்காது.

1991-இல் இந்திய ஓபன் கோல்ஃப் போட்டியை வென்ற அலி ஷேர், 2009-இல் வென்ற முனியப்பா, இருவருமே பை தூக்கி முன்னுக்கு வந்தவர்கள். சரி, மற்றவர்கள்? எங்களுக்கு வருங்கால வைப்பு நிதியும் இல்லை, இஎஸ்ஐயும் இல்லை. தொழிலாளர் துறை மைதானங்களுக்கே வந்து நலவாரியத்தில் பதிவு செய்யட்டும். அப்புறம், பண்டிகை நாட்களில் முறைவைத்து, சம்பளத்தோடு லீவு கொடுக்க கிளப்புகளும் முன்வர வேண்டும்.

ஒரு வாசகி,
சென்னை