சிக்கன வகுப்பு யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறையில் நடந்த நிதி விழிப்புணர்வு முகாம் பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். விடுதலையாகப் போகிறவர்களுக்குச் சிக்கனம் கற்றுக்கொடுத்துவிட்டால் மறுபடி உள்ளே வரமாட்டார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார் உங்கள் நிருபர். சிறைக் கூலியில் பராமரிப்புக்கு ஒரு பங்கும் பாதிக்கப்பட்டோர் நிதிக்கு ஒரு பங்கும் போக, மிஞ்சியதில் சோப்பும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு, அதிலும் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்புகிறவர்களுக்குச் சிக்கனப் பாடம்! பாடம் எடுத்தவருக்குப் பொன்னாடை போர்த்தும் படம் மட்டும் மூன்று பத்தி அகலத்துக்கு வந்திருக்கிறது.

அந்த முகாமில் எத்தனை பேருக்கு வங்கிக் கணக்கு திறந்தார்கள் என்று செய்தியில் ஒரு வார்த்தை இல்லை. தங்களுக்குத் தெரியாததல்ல, வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கும் ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிகளில் சிறைவாசிக்கென்றே இடம் இருக்கிறது. அடையாளச் சான்று எதுவும் இல்லாவிட்டாலும் சிறு கணக்கு தொடங்கலாம். சிறை அதிகாரி முன்னிலையில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, அவர் சான்றொப்பம் இட்டால் போதும். அவரே ஆண்டுக்கு ஒருமுறை முகவரிச் சான்று கொடுத்தால் கணக்கு நடப்பில் இருக்கும். இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, ஆண்டு வரவு ஒரு லட்சத்துக்குள், மாதம் எடுப்பது 10,000-க்குள். இந்த விதி தெரியாத கிளை மேலாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். தெரிந்தும் ‘ஆதார் கொண்டு வாங்க’ என்று திருப்பி அனுப்புகிறவர்களை என்ன சொல்ல?

வெளியே வருகிறவருக்கு முதல் வாரத்தில் வேண்டியது எதை முதலில், எதை அடுத்து செய்வது என்ற வரிசைதான். பயன்படுத்தாத சிம் 90 நாளுக்குப் பிறகு செயலிழக்கலாம், பின்னர் அந்த எண் வேறொருவர் கைக்கும் போகலாம். அப்படிப் போனால், வங்கியும் ஆதாரும் அனுப்பும் ஓடிபி அந்த ஆளுக்குத்தான் போகும். அது தெரியாமல் நேரே வங்கிக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். முதலில் ஆதார். அட்டை தொலைந்திருந்தால் ஆதார் சேவை மையத்தில் விரல்ரேகை வைத்து நகல் எடுக்க வேண்டும். தறியிலும் தோட்டத்திலும் உழைத்து ரேகை தேய்ந்தவர்களுக்குக் கருவிழிப் பதிவு உண்டு, கேட்டால்தான் செய்வார்கள். பிறகு சிம். பிறகு மறுபடி ஆதார் மையம், புது எண்ணை இணைக்க. அதற்கு எந்தச் சான்றும் கேட்கக்கூடாது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் வங்கி.

இரண்டு ஆண்டு வரவுசெலவு இல்லாத கணக்கு முடங்கிவிடும். மீண்டும் கேஒய்சி கொடுத்தால் உயிர் வரும். அதற்குக் கட்டணம் கிடையாது. முடங்கிக் கிடந்த காலத்துக்குக் குறைந்தபட்ச இருப்பு அபராதமும் போடக்கூடாது. எந்தக் கிளையிலும் செய்யலாம், பழைய கிளைக்கே போகவேண்டும் என்பதில்லை. பத்து ஆண்டுக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்த பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போயிருக்கும். போனாலும் அதே வங்கியில் விண்ணப்பித்து வாங்கலாம். எந்த வங்கி என்பதே மறந்துபோனவர்களுக்கு, கேட்பாரற்ற பணத்தைத் தேடிப் பார்க்க ‘உத்கம்’ இணையதளம் இருக்கிறது. இதில் எல்லாம் குறுக்கே நிற்பது பெயர். தீர்ப்பில் ‘சு. முருகன்’, பாஸ்புக்கில் ‘முருகன் எஸ்’, ஆதாரில் அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்து ஒரு முருகன். உள்ளே இருக்கும்போதே திருத்தி முடிக்க வேண்டியது இது. ஒரு முகாமிலாவது மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களா?

கடனைப் பற்றியும் சிக்கனக்காரர்கள் வாய் திறக்கவில்லை. தண்டல்காரர் 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் தருவார். தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ‘ஆயிரத்தைந்நூறுதானே’ என்று தோன்றும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி சுமார் 120 சதவீதம் வருகிறது. மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் வாங்கும் பத்து வட்டியும் அதேதான், வசூலிக்கும் விதம் மட்டும் வேறு. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்ட பத்து நிமிடம் ஆகாது.

அதைவிட மோசமான வலை, கணக்கை வாடகைக்குக் கேட்பது. ‘ஏடிஎம் கார்டும் சிம்மும் எங்களிடம் இருக்கட்டும், மாதாமாதம் ஒரு தொகை தருகிறோம்’ என்று விடுதலையானவரைத் தேடி வருகிறார்கள். ஆன்லைன் மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் வரும்போது பெயர் இவருடையது. ஏற்கெனவே வழக்கு உள்ளவர் சொல்வதை யார் நம்புவார்கள்? நீங்கள் இதைப் பற்றியல்லவா எழுதியிருக்க வேண்டும்?

சொல்லப்போனால் உங்களிடம் இதை எதிர்பார்ப்பதே தவறோ என்னவோ. அந்தச் செய்திக்குக் கீழேயே ஐந்து நிமிடத்தில் கடன் என்று அரைப்பக்க விளம்பரம். வாரந்தோறும் வரும் முதலீட்டுப் பகுதியில் எஸ்ஐபி என்னும் மாதத் தவணை முதலீட்டில் ஐயாயிரம் போட்டுக் கோடீஸ்வரர் ஆகும் வித்தை. சென்ற ஆண்டு கந்துவட்டி பற்றி எழுதிய கடிதத்தை நான்கு வரியாக நறுக்கினீர்கள். நறுக்கியதில் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் காணாமல் போய், நான் சும்மா புலம்புவதுபோல் அச்சாகியிருந்தது. ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் 2023-இல் வந்தது. வந்தபோது, தகுதியுள்ள தண்டனைக் கைதிக்கு அபராதத் தொகை 25,000 ரூபாய் வரை, விசாரணைக் கைதிக்குப் பிணைத் தொகை 40,000 வரை கிடைக்க அது வழிசெய்தது. இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாத குடும்பங்கள் அபராதத்துக்கும் பிணைக்கும் தாலியை அடகு வைத்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் பத்திரிகையில் அதற்கு எத்தனை வரி கிடைத்தது என்று தாங்களே பழைய இதழ்களைப் புரட்டிப் பாருங்கள்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. சிறு கணக்கு விதியையும், ஆதார், சிம், வங்கி என்ற வரிசையையும் ஒரு சின்னக் கட்டம் போட்டு வெளியிடுங்கள், சிறை நூலகத்துக்குப் போகும் பிரதியிலும் அது இருக்கும். அடுத்த முகாமுக்குப் போகும் நிருபர், கணக்குத் திறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு எழுதட்டும். பொன்னாடைப் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் இடம் கிடைக்கும். இந்தக் கடிதத்தை வெட்டுவதாக இருந்தால் முதல் பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள், தொகைகளில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
பாளையங்கோட்டை