நெடுந்தீவைக் காட்ட எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள்

நெடுந்தீவின் காட்டு விலங்குகளுக்கும், பழைய கட்டடங்களுக்கும், அங்கே வரும் சுற்றுலாப் பயணிகளுக்கும் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

உங்களில் மூன்று அலுவலகங்களுக்கு முன்பு தனித்தனியே கடிதம் எழுதினேன். ஒன்றிலிருந்து கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. மற்ற இரண்டிலிருந்தும் அதுவும் இல்லை. நிலைமை உங்களுக்குத் தெரியும் என்பதால் அதை நீட்டி விளக்கப் போவதில்லை. கடந்த ஓகஸ்ட் மாதம் ஒரு பகல் பொழுது நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டு, தீவுக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டிகள் வேண்டும் என்று அப்போது கேட்டதையே இப்போதும் கேட்கிறேன்.

நான் யாழ்ப்பாணக் கடலில் இருக்கும் நெடுந்தீவில் பிறந்தவன். வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்த ஒருவர் இப்போது ஆசிரியராக இருக்கிறார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரைத் தீவுக்குக் கூட்டிப் போகிறோம், நீங்களும் வாருங்கள் சேர் என்று கேட்டார். போனேன். குறிகாட்டுவானில் படகு ஏறி, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மாவிலித்துறையில் இறங்கினோம். பெருக்க மரம் என்ற பாவோபாப், புறாக்கூடு, ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டை எல்லாம் பார்த்துவிட்டு, வெயில் உச்சிக்கு வந்த நேரம் காட்டுக் குதிரைகள் நிற்கும் தரவைக்கு, அதாவது மேய்ச்சல் வெளிக்கு, போய்ச் சேர்ந்தோம்.

மழை கண்டு மாதக்கணக்காகியிருந்தது. புல் காய்ந்து மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. ஒரு சீமெந்துத் தொட்டியின் அடியில் சாண் அளவுக்குப் பச்சைத் தண்ணீர். ஒரு ஆண் குதிரையும் ஐந்து பெண் குதிரைகளும் ஒரு குட்டியும் மெல்ல மெல்ல அந்தத் தொட்டிக்கு வந்தன. பெண் குதிரைகளுக்கு விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. குட்டி பிறந்து இரண்டு மூன்று கிழமைதான் இருக்கும், தாயின் வயிற்றோடு ஒட்டியபடியே நடந்தது. பிள்ளைகளைத் தூரத்திலேயே இருத்தி, சத்தம் போட வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். தாய்க் குதிரை தொட்டிக்குள் தலையைக் குனிந்தது.

அந்த நேரத்தில் இரண்டு பிக்கப் வாகனங்கள் பாதையை விட்டு இறங்கித் தரவைக்குள்ளே வந்தன. பின்னால் ஆட்கள் எழுந்து நின்று கூவினார்கள், ஹோர்ன் அடித்தார்கள். குதிரைகள் ஓடினால்தான் வீடியோ நன்றாக வரும் என்று ஒருவர் சொன்னது எங்களுக்கே கேட்டது. குதிரைகள் ஓடின. வாகனங்களும் பின்னால் ஓடின. குட்டி ஒரு பழைய கல்வேலியில் கால் இடறி விழுந்து, எழும்பி, தாய் போன திசை தெரியாமல் திரும்பத் தொட்டியடிக்கே வந்து நின்றது. உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. தாய் வரவில்லை.

ஒரு மாணவி என் பக்கத்தில் வந்து கேட்டாள்: "சேர், தாய் தண்ணி குடிக்காட்டில் குட்டிக்குப் பால் வருமோ?"

நான் முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தவன். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. கடைசிப் படகுக்கு நேரமாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்கள் எழும்பி வரும்போதும் குட்டி தனியாகத்தான் நின்றது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

அந்த வாகனங்களில் வந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. அதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அவர்களில் ஒரு தகப்பன், கையில் சின்ன மகனோடு, எங்களிடம் வந்து இந்தக் குதிரைகள் யாருடையவை என்று கேட்டார். கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னேன். போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் இந்தத் தீவில் குதிரை வளர்த்தார்கள், ஆங்கிலேயர் வந்த பிறகு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற ஐரிஷ்காரர் தீவைப் பொறுப்பெடுத்திருந்தபோதும் அது நடந்தது, அவர்கள் கட்டிய லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன, வளர்த்தவர்கள் விட்டுவிட்டுப் போன குதிரைகளின் வழிவந்தவைதான் இவை என்றேன். இது சுண்ணாம்புக்கல் தீவு, மழைநீர் நிலத்துக்குக் கீழே உப்புத்தண்ணீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது, கோடையில் அது வற்றினால் கிணறு உவர்த்துவிடும், அப்போது மனிதருக்கும் தட்டுப்பாடு குதிரைக்கும் தட்டுப்பாடு, இந்த வெயிலில் ஒருமுறை துரத்தினால் குடித்த தண்ணீரெல்லாம் வேர்வையாகப் போய்விடும் என்றேன். பத்து நிமிடம்தான் பேசியிருப்பேன். அவர் போய் மற்றவர்களையும் கூட்டிவந்தார். வாகனத்தை நிறுத்தி, இருந்த தண்ணீர்ப் போத்தல்களை எல்லாம் தொட்டிக்குள் ஊற்றினார்கள். "எங்களுக்கு இதை ஒருத்தரும் சொல்லேல்லையே ஐயா" என்றார் அந்தத் தகப்பன். அவருடைய குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

பத்து நிமிடப் பேச்சு செய்த வேலை அது. அந்தப் பேச்சைப் படகு வந்து சேரும் இறங்குதுறையிலேயே கேட்டிருந்தால் அந்தக் குதிரை தண்ணீர் குடித்திருக்கும். ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். தீவின் பிள்ளைகளை வழிகாட்டிகளாக்குங்கள். குதிரைகள் நிற்கும் பகுதிக்குள் வழிகாட்டி இல்லாமல் ஒருவரையும் விடாதீர்கள்.

2015இல் தீவின் ஒரு பகுதி, ஏறக்குறைய 1,846 ஹெக்டேயர், தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மாடு மேய்க்கும் தரவையும் போய்விடுமோ என்று அப்போது தீவார் பயந்தார்கள். அந்தப் பயம் முழுதாகத் தீரவில்லை. ஆனாலும் குதிரைகளுக்கு ஒரு காவல் கிடைக்கும் என்று என்னைப் போன்றவர்கள் நம்பினோம். காகிதத்தில் எல்லை போட்டால் மட்டும் காவல் வந்துவிடாது. அந்த எல்லையில் நின்று, இதற்கு மேல் வாகனம் போகக்கூடாது, ஏன் என்றால் இதனால்தான், என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

கோட்டையிலும் இதே கதை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒல்லாந்தர் கோட்டை முருகைக்கல்லால் கட்டியது என்பது உங்களுக்குத் தெரியும். கடலுக்குள்ளே உயிராக வளர்ந்த கல் அது. உற்றுப் பார்த்தால் பூப்போன்ற சின்னச் சின்னக் குழிகள் தெரியும். கடற்காற்றுப் பட்டுப் பட்டு அந்தக் கல் பொருபொருவென்று ஆகிவிட்டது. அன்று ஒரு இளைஞர் படம் எடுக்க மதிலில் ஏறிக் காலை ஊன்றினார், கை அகலத் துண்டு ஒன்று கழன்று விழுந்தது. அதைக் காலால் தள்ளிவிட்டு அவர் போய்விட்டார். அந்தத் துண்டை எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஒவ்வொருவராகக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார்கள். பிறகு ஒரு பையன் அதை விழுந்த இடத்திலேயே பத்திரமாக வைத்தான். ஒருவரும் அவனிடம் வைக்கச் சொல்லவில்லை. பெருக்க மரத்தின் பட்டையில் கத்தியால் பெயர் வெட்டுகிறார்கள். வீடுகளைச் சுற்றிச் சாந்தில்லாமல் அடுக்கிய கல்வேலியில் ஒரு கல்லை உருவினால் அந்த வரிசையே சரியும் என்று தெரியாமல் ஞாபகத்துக்கு என்று கல் எடுத்துப் போகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களுக்கு மாவிலித்துறையில் நினைவுத்தூபி இருக்கிறது. படகால் இறங்கும் ஆட்கள் அதன் பக்கத்தில் நின்று சிரித்துப் படம் எடுப்பதைப் பார்த்து, தங்கள் ஆட்களை இழந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். வந்தவர்களையும் குறை சொல்ல முடியாது. இது என்ன இடம் என்று தாழ்ந்த குரலில் ஒரு வார்த்தை சொல்ல அங்கே தீவுப் பிள்ளை ஒன்று நின்றால், அந்தப் படகில் வந்த ஒவ்வொருவரும் தலையைக் குனிந்துவிட்டுத்தான் நடப்பார்கள்.

சொல்லக்கூடிய பிள்ளைகள் இல்லையா? இருக்கிறார்கள். அன்று எங்களை ஏற்றிய ஓட்டோக்காரத் தம்பி ஒரு கொப்பி வைத்திருக்கிறான். எந்தக் குதிரைக் கூட்டம் எந்தத் தரவையில் மேய்கிறது, எந்த மாதம் எத்தனை குட்டி போட்டது, தண்ணீருக்குத் தோண்டிய எந்தப் பூவலில் கடைசியாகத் தண்ணீர் வற்றியது என்று நாலு வருடமாக எழுதி வருகிறான். ஒருவரும் அவனை எழுதச் சொல்லவில்லை, ஒருவரும் அதற்குக் காசு கொடுக்கவில்லை. நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ள குதிரையைத் தூரத்தில் கண்டதும், அதன் தாயையும் தனக்குத் தெரியும் என்றான். இப்படி ஒரு பிள்ளை சவாரிக் கூலிக்குப் பேரம் பேசிக்கொண்டு இறங்குதுறையில் நிற்கிறான். என் வயிறு எரிகிறது, ஐயா.

உலகத்தில் யாரும் செய்யாததை நான் கேட்கவில்லை. கலபகோஸ் தீவுகளில் 1959 முதல் தேசிய பூங்கா இருக்கிறது. அங்கே அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் பூங்காவின் பெரும்பாலான பார்வையிடங்களில் கால் வைக்க முடியாது. ஒரு வழிகாட்டியோடு பதினாறு பேருக்கு மேல் போகக்கூடாது. தென்னாபிரிக்காவின் ரொபன் தீவில், அந்தச் சிறையில் அரசியல் கைதிகளாக இருந்தவர்களே வழிகாட்டிகளாக நின்று சிறை அறைகளைக் காட்டியிருக்கிறார்கள். அதே தீவின் கரையில் பென்குயின்களும் வாழ்கின்றன. அந்த மண்ணோடு சம்பந்தப்பட்டவர் சொல்லும்போது கேட்கிறவர் கை தானாகவே கல்லை எடுக்காது.

படகைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. விடுமுறை நாட்களில் சுற்றுலா வந்தவர்களால் படகு நிறைந்துவிடுகிறது. கிளினிக்குக்குப் போக வேண்டிய கர்ப்பிணிப் பெண், பெரியாஸ்பத்திரியில் திகதி கிடைத்த வயோதிபர், பரீட்சைக்குப் போகிற பிள்ளை எல்லோரும் கரையில் நிற்கிறார்கள். அன்று திரும்பும்போது, ஊன்றுகோலோடு நின்ற ஒரு அம்மாவுக்கு எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் எழும்பி இடம் விட்டார்கள். அவருக்கு அது அவருடைய உரிமையாகக் கிடைத்திருக்க வேண்டும். எத்தனை வருடமாக இதைச் சொல்கிறோம்! தீவார் என்றால் காத்திருக்கப் பிறந்தவர்களா? மழைக்குக் காத்திருக்கிறோம், தண்ணீர் பவுசருக்குக் காத்திருக்கிறோம், படகுக்குக் காத்திருக்கிறோம், கடிதத்துக்குப் பதிலுக்கும் காத்திருக்கிறோம்.

மன்னிக்க வேண்டும், குரல் உயர்ந்துவிட்டது. பணிவாகவே கேட்கிறேன்.

முதலில் தீவிலிருந்து ஒரு இருபது பிள்ளைகளைத் தெரிவு செய்யுங்கள், பெண் பிள்ளைகளும் இருக்கட்டும். விலங்கு தெரிந்தவரும் தொல்பொருள் தெரிந்தவரும் வந்து ஒரு மாதம் பயிற்சி கொடுக்கட்டும். சிங்களமும் ஆங்கிலமும் பேசப் பழக்குங்கள், தெற்கிலிருந்து வருகிறவர்கள்தானே கூடுதல். அடையாள அட்டை கொடுத்து, கட்டணத்தை இறங்குதுறையில் பெரிதாக எழுதிப் போடுங்கள். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு ஆடி ஆவணியில் குதிரைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் நிரப்பப் போகட்டும். வாகனம் எந்த இடத்தோடு நிற்க வேண்டும் என்று கல் நாட்டுங்கள். இதில் எந்த வேலை எந்த அலுவலகத்துடையது என்று உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் இனியும் ஒவ்வொரு படியாக ஏற முடியாது. பாடம் எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன், சம்பளம் வேண்டாம். அந்தத் தம்பியிடமும் கேட்டுவிட்டேன், கொப்பியைத் தரச் சம்மதம் என்கிறான்.

தீவின் பிள்ளைகளை வழிகாட்டிகளாக்குங்கள். அடுத்த கோடைக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும். ஐப்பசியில் மழை வந்துவிடும், தரவை பச்சையாகிவிடும், உங்களுக்கும் எங்களுக்கும் இது மறந்து போய்விடும். அதனால்தான் மழைக்கு முன்பே எழுதுகிறேன்.

அந்த மாணவிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் பதில் வந்ததும் முதலில் அவளுக்குத்தான் வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
நெடுந்தீவில் பிறந்த, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்