ஒரே ஒரு தாள் கொடுங்கள்: தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்திவரும் முதல்வர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

சியாட்டிலை அடுத்த பாத்தலில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பிள்ளைகள் இருவரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். மூத்தவள் 12ஆம் வகுப்பு, சின்னவன் வரும் செப்டம்பரில் 9. போன வாரம் அவனுடைய நான்கு வருடப் பாடத்திட்டத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆங்கிலம், கணக்கு, அறிவியல் என்று கட்டங்கள் மளமளவென நிரம்பின. ‘உலக மொழி’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. அவன் அக்காவுக்கு அந்தக் கட்டத்தில் ஸ்பானிஷ் என்று எழுதியவள் நான். எட்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் தமிழ்ப் பள்ளிக்குப் போன பெண் அவள்.

ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாஷிங்டன் மாநிலத்தில் 1985இலிருந்து வீட்டுக்கல்விக்குத் தனிச் சட்டம் உண்டு. வருடா வருடம் செப்டம்பர் 15க்குள் பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளின் நிர்வாகத்துக்கு, ஒரு அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். 11 பாடங்கள் சொல்லித்தர வேண்டும். ஆண்டுக்கு ஒரு தேர்வோ மதிப்பீடோ வேண்டும். மற்றபடி எல்லாம் பெற்றோர் பொறுப்பு. எந்தப் புத்தகம், எத்தனை மணி நேரம், என்ன மதிப்பெண் என்பதை எல்லாம் நாங்களே முடிவு செய்கிறோம். கடைசியில் உயர்நிலைப் பள்ளி டிரான்ஸ்கிரிப்டையும் (படித்த பாடங்கள், மதிப்பெண்களின் பட்டியல்) நாங்களேதான் தட்டச்சு செய்து கையெழுத்துப் போடுகிறோம். எங்கள் வீட்டில் நானே தலைமையாசிரியர், நானே கிளார்க், மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் சமையலும் நானே.

சுதந்திரம்தான். ஆனால் காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது இந்த ஊர்ப் பல்கலைக்கழகங்களுக்கும் தெரியும். அம்மா போட்ட ‘ஏ’வை மட்டும் பார்த்து யார் நம்புவார்கள்? வெளியாள் ஒருவர் போட்ட மதிப்பெண்ணும் பக்கத்தில் இருந்தால்தான் அதற்கு எடை. அதனால்தான் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் கம்யூனிட்டி காலேஜ் என்னும் உள்ளூர் அரசுக் கல்லூரிகள் பக்கம் போகின்றன. இங்கே அதற்கு ரன்னிங் ஸ்டார்ட் என்று பெயர், 1990இல் வந்த திட்டம். 11, 12ஆம் வகுப்பு மாணவர்கள் கல்லூரியில் உட்கார்ந்து படிக்கலாம். அந்தப் பாடம் பள்ளிக் கணக்கிலும் சேரும், கல்லூரிக் கணக்கிலும் சேரும். ஒரு வரம்பு வரை கல்விக் கட்டணம் கிடையாது. புத்தகம், சில்லறைக் கட்டணங்கள், போக்குவரத்து நம் செலவு. வீட்டில் படிக்கும் பிள்ளைகளும் பள்ளி மாவட்டத்தின் வழியாகச் சேரலாம். அதற்கு ஒவ்வொரு குவார்ட்டருக்கும், அதாவது கல்லூரிப் பருவத்துக்கும், ஒரு படிவம், ஒரு கையெழுத்து.

இதில் உங்களைத் தொடும் கணக்கு ஒன்று இருக்கிறது. கல்லூரியில் பாடத்தின் அளவைக் கிரெடிட் என்ற அலகால் சொல்வார்கள். அங்கே 5 கிரெடிட் பாடம் ஒன்று, பள்ளியில் ஒரு முழு வருடப் பாடத்துக்குச் சமம். வாரம் 5 மணி நேரம், ஏறத்தாழ 11 வாரம் ஸ்பானிஷ் வகுப்பில் உட்கார்ந்தால் ஒரு வருட மொழிப்பாடம் முடிந்துவிட்டது. இரண்டு குவார்ட்டரில் இரண்டு வருடம். இந்த மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் மொழிப்பாடம் அந்த இரண்டு வருடம்தான். செப்டம்பரில் ‘ஓலா’ சொல்ல ஆரம்பித்த பிள்ளைக்கு மார்ச் மாதத்தில் அந்தக் கட்டம் நிரம்பிவிடுகிறது. எட்டு வருடம் தமிழ் படித்த பிள்ளைக்கு என்ன இருக்கிறது? ஆண்டு விழாவில் கொடுத்த கோப்பைகள் இருக்கின்றன. அலமாரி நிறைய.

மகள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அவள் படித்த தமிழ்ப் பள்ளியில் போய்க் கேட்டேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள் நடத்தும் பள்ளி. இரண்டு வருடங்களில் என்ன பாடம் நடந்தது, எத்தனை மணி நேரம், என்ன மதிப்பெண் என்று ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்றேன். “நாங்க வாலண்டியர்ஸ்தானே மேடம், எங்களுக்கு அங்கீகாரம் எல்லாம் கிடையாதே” என்றார்கள். தயக்கம் புரிந்தது. எனக்கும் அப்போது எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. சரி என்று திரும்பிவிட்டேன். அந்த இலையுதிர்காலத்தில் அவள் ஸ்பானிஷில் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் கல்லூரி வீட்டுப்பாடம் வந்து உட்கார்ந்தது. பொங்கலுக்கு முன்பே தமிழ் வகுப்பு நின்றுவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நம் பெற்றோர்கள் பலர் இதை யோசிப்பதில்லை. முதல் குவார்ட்டர் ஸ்பானிஷில் அவள் வாங்கியது ‘சி பிளஸ்’. பள்ளிப் பாடமாக இருந்தால் வீட்டோடு போயிருக்கும். இது கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட், அழியாது. நாளைக்கு அவள் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் பதினாறு வயதில் வாங்கிய இந்த மதிப்பெண்ணையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். அதோடு, கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து பதிவுகள் மீதான உரிமை பிள்ளையின் கைக்குப் போய்விடுகிறது, 18 வயது ஆகாவிட்டாலும்கூட. மகள் எழுதிக் கொடுக்காமல் அவள் ஆசிரியரிடம் பேச முடியாது என்று கல்லூரி அலுவலகத்தில் என்னிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள். காரில் வந்து உட்கார்ந்து சிரித்தேன். காலையில் அவளுக்கு இட்லி ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

கம்யூனிட்டி காலேஜ் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆங்கிலக் கட்டுரை வகுப்பும் வேதியியல் ஆய்வகமும் என்னால் வீட்டில் தர முடியாதவை. அவை அவளுக்கு அங்கேதான் கிடைத்தன. ஆனால் கல்லூரிக்கு அனுப்பும் இடங்களைப் பொறுக்கி எடுக்க வேண்டும். வீட்டிலேயே நன்றாக நடக்கும் பாடத்தை, அதுவும் வெறும் கட்டம் நிரப்ப, கல்லூரியில் கொண்டுபோய் வைத்தது என் திட்டமிடலில் இருந்த ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்க உங்களால் முடியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

அங்கீகாரம் இல்லையே என்ற தயக்கத்தை முதலில் விடுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அது சிக்கல்தான். அந்தப் பள்ளி மாவட்டம் ஒத்துக்கொள்ள வேண்டும். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் தமிழ்ப் பள்ளிகள் முறையாக அங்கீகாரம் வாங்கி, மாவட்டங்களிடமிருந்து கிரெடிட்டும் பெற்றுத் தருகின்றன; அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு. இங்கே வாஷிங்டனில் மொழித்திறன் தேர்வு எழுதியே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 4 பள்ளிக் கிரெடிட் வரை (பள்ளியில் ஒரு கிரெடிட் என்பது ஒரு வருடப் பாடம்) வாங்கும் வழியும் இருக்கிறது. வீட்டுக்கல்வியில் கிரெடிட் தருவது பெற்றோர். உங்களிடம் நாங்கள் கிரெடிட் கேட்கவில்லை, சாட்சி கேட்கிறோம்.

மணிக்கணக்கு போதாது என்றும் நினைக்காதீர்கள். ஒரு வருடப் பாடத்துக்கு 120 மணி நேரம் என்பது இங்கே பழைய அளவுகோல். வருடத்துக்கு 30 சனிக்கிழமை, இரண்டரை மணி நேரம் என்றால் வகுப்பிலேயே 75. வாரம் இரண்டு மணி நேரம் வீட்டுப்பாடம் சேர்த்தால் 135. வீட்டில் பாட்டியோடு வீடியோ காலில் பேசியதையெல்லாம் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. (மகன் சேர்க்கச் சொல்கிறான். அப்படிச் சேர்த்தால் அவனுக்கு முனைவர் பட்டமே கொடுக்க வேண்டும்.)

வேண்டியது ஒரு தாள். பள்ளியின் பெயர், வருடம், வகுப்பு. அந்த ஆண்டு படித்த பாடநூல், படித்த இலக்கியப் பகுதிகள், எழுதிய கட்டுரைகள். வகுப்பு நடந்த மணி நேரம், வந்த நாட்கள், மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று இரண்டு வரி. கீழே ஆசிரியரின் கையெழுத்து. ஆங்கிலத்தில் இருக்கட்டும், படிக்கப்போவது சேர்க்கை அலுவலர். மற்றவர்களுக்கும் இது உதவும் என்பதால் வருடக் கடைசியில் 9ஆம் வகுப்புக்கு மேலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடலாம்.

தாளுக்கு மேல் ஒரு உதவியும் உண்டு. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் வீட்டுக்கல்விப் பிள்ளைக்குப் பள்ளிக் கவுன்சிலர் (மாணவர் ஆலோசகர்) இடத்தில் அம்மாவோ அப்பாவோதான் கடிதம் எழுதுகிறோம். ஆசிரியர் பரிந்துரையை மட்டுமாவது குடும்பத்துக்கு வெளியே ஒருவர் எழுத வேண்டும். 11 வாரம் பார்த்த கல்லூரிப் பேராசிரியருக்குப் பிள்ளையின் முகம் நினைவிருந்தாலே பெரிது. உங்கள் ஆசிரியர்களோ அவர்களை ‘ற’வுக்கும் ‘ர’வுக்கும் திணறிய நாளிலிருந்து பார்க்கிறார்கள். மேடையில் குறள் மறந்து விழித்ததையும், பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு உயிர்மெய் சொல்லிக்கொடுக்க வந்து நின்றதையும் அவர்களால்தான் எழுத முடியும். கேட்டால் மறுக்காதீர்கள்.

அப்புறம், நாட்காட்டி. கல்லூரி குவார்ட்டர் தேர்வுகள் டிசம்பர் நடுவிலும் மார்ச்சிலும் ஜூனிலும் வரும். அந்த வாரங்களில் ஆண்டு விழா ஒத்திகைக்கு வரவில்லை என்றால் பெரிய பிள்ளைகளின் வருகையைக் குறைக்காதீர்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் பெஞ்சுகள் காலியாவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மகனுக்கு 9இலும் 10இலும் தமிழ் என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். 11இல் அவன் கல்லூரிக்குப் போகும்போது அந்தக் கட்டத்தைத் தொட வேண்டியிருக்காது; அந்த 10 கிரெடிட் இடத்தில் அவன் ஆசைப்படும் வானியலும் இன்னொரு கணக்கும் வைக்கலாம். விண்ணப்பிக்க நினைக்கும் பல்கலைக்கழகங்கள் இரண்டுக்கு இது சரிவருமா என்று கேட்டும் எழுதியிருக்கிறேன்.

நான் சொன்ன தாளின் மாதிரி ஒன்றைத் தயார் செய்துவிட்டேன், ஒரு பக்கம்தான். செப்டம்பரில் பதிவு நாளன்று பத்துப் பிரதி எடுத்து வருகிறேன். வாங்கிப் பாருங்கள். திருத்த வேண்டியது இருந்தால் சிவப்பு மையில் திருத்திக் கொடுங்கள், அது உங்களுக்குப் பழக்கம்தானே.

அன்புடன்,
பாத்தலில் இருந்து ஒரு ஹோம்ஸ்கூல் அம்மா